மார்பகப் புற்றுநோய்க்குப் பெப்தைட்டுத் தடுப்பூசி: எதில் ஏற்றுவது, யாருக்கு இடுவது

ஒன்பது அமினோ அமிலங்களாலான புரதத் துண்டான ஒரு சிறு பெப்தைட்டைக் கொண்டு மார்பகப் புற்றுநோய் மீண்டும் தலைகாட்டாமல் தடுக்கலாம் என்ற எண்ணம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஆய்வுகூடங்களிலும் மருத்துவமனைகளிலும் சோதிக்கப்பட்டு வருகிறது. அவற்றுள் மிகப் பெரிய சோதனை தோல்வியில் முடிந்தது. பெப்தைட்டு போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேரவில்லை, சேர்ந்த சிறு அளவும் உரிய முறையில் காட்டப்படவில்லை என்று கருதும் விஞ்ஞானிகள் இன்று அதனை மிக நுண்ணிய நானோத் துணிக்கைகளில் ஏற்றி அனுப்ப முயல்கிறார்கள். அவர்களுடைய வாதத்தின் பெரும்பகுதி சரியென்றே நானும் எண்ணுகிறேன். ஆயினும் அந்தப் பெப்தைட்டு முதலில் யாருடைய உடலை மனத்தில் வைத்துத் தெரிவுசெய்யப்பட்டது என்ற இன்னொரு கேள்வி இருக்கிறது. துணிக்கைகளைப் பற்றி எழுதுவோர் அதனை இரண்டு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். கொழும்பில் இருந்து படிக்கும் எனக்கு அந்த இரண்டு வரிகளே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானவையாகத் தோன்றுகின்றன.

நான் வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குத் தமிழில் உயிரியல் கற்பிப்பவள். என் பெரியம்மாவுக்கு ஹேர்-2 மிகையான மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்த பின், கிருலப்பனைக்குப் போய் 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி மகரகம அபேக்‌ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அவருடன் போய்வருவது என் பொறுப்பாயிற்று. கிளினிக் நாட்களில், மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு காத்திருக்கும் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் பாதி மருந்தைப் பற்றியதாகவே இருக்கும். 2024 டிசெம்பரில் ரஷ்ய சுகாதார அமைச்சு புற்றுநோய்த் தடுப்பூசி ஒன்றைப் பற்றி அறிவித்தபோது, அந்தச் செய்தி வாட்ஸ்அப் வழியே எங்கள் வாங்குக்கும் வந்து சேர்ந்தது. கைப்பேசியை என்னிடம் நீட்டிய பெரியம்மா, "உந்த ஊசி எங்கட ஆக்களுக்கும் சரிவருமோ, பிள்ளை?" என்று கேட்டார். விலையைப் பற்றியோ, எப்போது இங்கே வரும் என்பதைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்குச் சரிவருமா என்றே கேட்டார். நிர்ப்பீடனவியல் (நோயெதிர்ப்பு பற்றிய துறை) படித்த ஒருவர் கேட்கக்கூடிய மிகச் சரியான கேள்வி அது. அதற்கு முழுமையாக விடை சொல்ல முயன்றதில் பிறந்ததே இக்கட்டுரை.

இலங்கைப் பெண்களிடையே காணப்படும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயே முதலிடத்தில் இருக்கிறது. பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நாலில் ஒன்று அது. உலகளவில் மார்பகப் புற்றுநோய்களுள் 15 முதல் 20 சதவீதமானவற்றில், கலத்தின் மேற்பரப்பில் இருக்கும் ஹேர்-2 என்னும் வாங்கிப் புரதம் (வெளியிலிருந்து வரும் சைகைகளைப் பெறும் புரதம்) அளவுக்கு மிஞ்சிக் காணப்படுகிறது. அந்தப் புரதத்தைப் பற்றிப் பிடிக்கும் டிராஸ்டுசுமாப் என்ற பிறபொருளெதிரி மருந்து 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மிக மோசமான போக்குடையது என்று அஞ்சப்பட்ட ஒரு நோயின் வரலாற்றை அந்த ஒரு மருந்து மாற்றியது. ஆனால் அது வெளியில் ஆக்கப்பட்டு உடலுக்குள் ஏற்றப்படும் பிறபொருளெதிரி. ஏற்றும் காலம் முடிந்தால் அதன் காவலும் முடிந்துவிடும். அதே ஹேர்-2 புரதத்தை அடையாளம் காணும் ரீ கலங்களை (நோயை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களில் ஒரு வகை) நோயாளியின் உடலே வளர்த்துக்கொண்டால், அந்த நினைவு பல ஆண்டுகள் நிலைக்கும், எங்கோ ஒளிந்திருந்து பின்னர் தலைதூக்கும் தனிக் கலத்தையும் அது தேடிச் சென்று அழிக்கும் என்பதே தடுப்பூசி ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. ஆகவே தடுப்பூசி என்று பெயர் இருந்தாலும், இங்கே நான் எழுதுவது நோய் வந்தவருக்கு இடும் ஊசியைப் பற்றியது. நோய் வராதவருக்கு முன்கூட்டியே இடும் ஊசியை இங்கே குழப்பிக்கொள்ளக்கூடாது.

இந்த எதிர்பார்ப்பின் முதல் பெரும் வேட்பாளர் ஈ-75 என்ற பெப்தைட்டு. பின்னர் நெலிபெபிமுட்-எஸ் என்று பெயர் பெற்ற அது, ஹேர்-2 புரதத்தின் 369ஆவது அமினோ அமிலத்திலிருந்து 377ஆவது வரையுள்ள ஒன்பதே அலகுகளைக் கொண்ட துண்டு. ரீ கலங்களுக்கு இலக்கைக் காட்டும் டென்ட்ரிற்றிக் கலங்களை அவ்விடத்துக்கு அழைக்கும் ஜீ.எம்.-சீ.எஸ்.எஃப் என்ற புரதத்துடன் கலந்து, மாதம் ஒருமுறையாக ஆறு மாதங்களுக்குத் தோலினுள் ஏற்றி, அதன்பின் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஊக்க ஊசி இடுவதே அதன் முறை. தொடக்கச் சோதனைகள் நம்பிக்கை தந்தமையால், அறுவைச் சிகிச்சையும் வழமையான சிகிச்சைகளும் முடித்த 758 பெண்களைச் சேர்த்து மூன்றாம் கட்டச் சோதனை நடத்தப்பட்டது. இடைக்கால ஆய்வில் பயன் எதுவும் தெரியாததால் 2016இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஒரு தலைமுறை ஆய்வாளர்களின் உழைப்பு அந்த அறிவிப்போடு முடிந்துபோனது போல அன்று தோன்றியது.

அந்தத் தோல்வியைத் துருவிப் பார்த்தால் பல இழைகள் தெரியும். சோதனைக்கு எடுத்த பெண்களின் கட்டிகளில் ஹேர்-2 குறைந்த அல்லது நடுத்தர அளவிலேயே இருந்தது. கண்காணிப்புக் காலமும் நீண்டதல்ல. ஆனால் இவற்றுக்கு அப்பால், தனித்த சிறு பெப்தைட்டைத் தோலுக்குள் ஏற்றுவதிலேயே ஓர் அடிப்படைக் கோளாறு உண்டு. ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு மிகச் சிறியது. உடலின் நொதிகள் அதனை விரைவில் சிதைத்துவிடுகின்றன. சிதையாமல் தப்பும் பகுதி மயிர்த்துளைக் குழாய்களின் சுவரினூடே குருதிக்குள் நழுவி உடலெங்கும் பரவிப்போகிறது. அதைவிடப் பாதகமானது ஒன்று இருக்கிறது. இந்தச் சிறு துண்டு எந்த முன்னாயத்தமும் இன்றி, எதிர்ப்படும் சாதாரண கலங்களின் மேற்பரப்பிலும் நேரடியாகப் போய் ஒட்டிக்கொள்ளக் கூடியது. ரீ கலத்தைத் தூண்டுவதற்கு வேண்டிய துணைச் சைகைகள் அந்தக் கலங்களிடம் இல்லை. துணைச் சைகை இல்லாமல் இலக்கை மட்டும் காணும் ரீ கலம் விழித்தெழுவதற்குப் பதிலாகச் சகிப்பைக் கற்றுக்கொள்கிறது. நாம் பகையென்று காட்ட விரும்பியதை அது நட்பென்று பதிந்துகொள்கிறது.

பெப்தைட்டு விரைவில் மறைந்துபோகாமல் இருப்பதற்காக அதனை எண்ணெய்க் குழம்பில் கலந்து ஏற்றும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. 2013இல் வெளியான ஓர் எலி ஆய்வு அதன் விளைவைத் தெளிவாகக் காட்டியது. எண்ணெய்க் குழம்பு பெப்தைட்டை ஊசி இட்ட இடத்திலேயே பல நாட்கள் தேக்கிவைக்கிறது. அதனால் தூண்டப்பட்ட ரீ கலங்கள் கட்டியை நோக்கிப் போகாமல் ஊசி இட்ட இடத்துக்கே திரும்பி வந்து குவிந்து, அங்கேயே சோர்ந்து மடிந்துவிடுகின்றன. குருதியில் எண்ணிப் பார்த்தால் ரீ கலங்கள் உருவாகியிருக்கும், கட்டியோ சுருங்கியிருக்காது. பழைய பெப்தைட்டு ஊசிகள் பலவற்றின் புதிரான முடிவுகளை இந்த ஒரு கண்டுபிடிப்பு ஓரளவு விளக்குகிறது என்பது என் கணிப்பு. பெப்தைட்டு பரவிப்போனாலும் பயன் இல்லை, ஓரிடத்தில் தேங்கினாலும் பயன் இல்லை. அது நிணநீர்க்கணுவுக்குப் போகவேண்டும், போய்ச் சேர்ந்து வேலை முடிந்தபின் மறையவேண்டும்.

நிணநீர்க்கணுவில்தான் டென்ட்ரிற்றிக் கலங்களும், இன்னும் தூண்டப்படாத ரீ கலங்களும் நெருக்கமாகச் சந்திக்கின்றன. டென்ட்ரிற்றிக் கலங்களை 1973இல் விவரித்த ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அதற்கு மூன்று நாட்களுக்கு முன்னரே அவர் சதையிப் புற்றுநோயால் இறந்திருந்தார். தன் நோய்க்கு எதிராகத் தான் கண்டறிந்த கலங்களையே கொண்டு ஆக்கிய சோதனைத் தடுப்பூசிகளை அவர் ஏற்றிக்கொண்டிருந்தார் என்பதை நான் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. இந்தத் துறையில் நம்பிக்கையும் அடக்கமும் ஏன் ஒருசேர வேண்டும் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் செய்தி எனக்குத் தெரியாது.

துணிக்கையின் அளவு இங்கேதான் முக்கியமாகிறது. தோலுக்கடியில் கலங்களுக்கிடையே உள்ள இழைப் பின்னல் மாவரிக்கும் அரிதட்டுப் போன்றது. மிகச் சிறிய மூலக்கூறுகள் எத்திசையிலும் நழுவிக் குருதிக்குள் போய்விடும். நூறு நானோமீற்றருக்கு மேற்பட்ட பெரிய துணிக்கைகள் பின்னலில் அகப்பட்டு நின்று, ஏதேனும் ஒரு டென்ட்ரிற்றிக் கலம் வந்து சுமந்து செல்லும்வரை காத்திருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, சில பத்து நானோமீற்றர் அளவுள்ள துணிக்கைகளே திசுப் பாய்மத்துடன் சேர்ந்து நிணநீர்க் குழாய்களுக்குள் இறங்கித் தாமாகவே கணுவை அடைகின்றன. 25 நானோமீற்றர் துணிக்கைகளையும் 100 நானோமீற்றர் துணிக்கைகளையும் எலிகளின் தோலில் ஏற்றி ஒப்பிட்ட 2007ஆம் ஆண்டு ஆய்வில், சிறியவை கணுவுக்கு நன்றாகப் போய்ச் சேர்ந்தன, பெரியவை பெரும்பாலும் பின்தங்கிவிட்டன. வேதியியலில் அதே பொருள்தான், விட்டத்தில் மட்டுமே வேறுபாடு.

மார்பகப் புற்றுநோய் நோயாளிகளைப் பொறுத்தவரை இதில் கவனிக்கவேண்டிய நடைமுறைச் செய்தி ஒன்று உண்டு. அறுவைச் சிகிச்சையின்போது பலருக்கு அக்குளிலுள்ள நிணநீர்க்கணுக்கள் அகற்றப்படுகின்றன. பெரியம்மாவுக்கும் அவ்வாறே அகற்றினார்கள். கை வீங்கிவிடும் என்ற அச்சத்தால் அந்தப் பக்கக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ அவர் யாரையும் விடுவதில்லை. கணு அகற்றப்பட்ட பக்கத்துக் கையில் தடுப்பூசியை ஏற்றினால் துணிக்கைகள் போய்ச் சேர இடமே குறைவு. ஆதலால் இத்தகைய சோதனைகளில் தொடையில் ஊசி இட்டு, இடுப்பு மடிப்பிலுள்ள கணுக்களைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

கணுவை அடைந்தபின்னும் வேலை முடிவதில்லை. டென்ட்ரிற்றிக் கலம் வெளியிலிருந்து விழுங்கும் பொருளை வழமையாக இரண்டாம் வகை எச்.எல்.ஏ மூலக்கூறில் (கலத்தின் மேற்பரப்பில் பெப்தைட்டுகளை ஏந்திக் காட்டும் மூலக்கூறு) வைத்து, உதவி செய்யும் ரீ கலங்களுக்குக் காட்டும். கட்டியை நேரடியாகக் கொல்லும் ரீ கலங்களுக்குக் காட்டவேண்டுமாயின், விழுங்கப்பட்ட பெப்தைட்டு கலத்தின் உள்ளே வேறொரு பாதையில் திருப்பப்பட்டு முதலாம் வகை மூலக்கூறில் ஏறவேண்டும். தனிப் பெப்தைட்டைவிடத் துணிக்கையில் கட்டுண்ட பெப்தைட்டு இந்தப் பாதைக்கு எளிதாகத் திரும்புகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. விழுங்கும் பையின் அமிலத்தன்மையில் சிதைந்து உள்ளடக்கத்தைக் கலச்சாற்றினுள் விடும்படி துணிக்கையின் பொருளை வடிவமைக்கவும் முடியும். இன்னொரு பெரும் வசதி, துணையூக்கியையும் அதே துணிக்கைக்குள் வைக்க முடிவது. கிருமியின் வருகையைப் போலியாக அறிவிக்கும் இந்தத் துணையூக்கிகள் பெப்தைட்டுடன் ஒரே கலத்தின் ஒரே பைக்குள் நுழையும்போதுதான் அந்தப் பெப்தைட்டு முழு அபாயச் சைகையுடன் காட்டப்படுகிறது. தனித்தனியே ஏற்றினால் பெப்தைட்டு ஒரு கலத்துக்கும் துணையூக்கி இன்னொரு கலத்துக்கும் போய்விடக்கூடும். அப்போது மேலே சொன்ன சகிப்பு நிலை திரும்பவும் நேரிடும். கொல்லும் ரீ கலங்களுக்கான துண்டையும் உதவும் ரீ கலங்களுக்கான துண்டையும் சேர்த்தே ஏற்றமுடிவது மூன்றாவது வசதி. உதவி இல்லாமல் உருவாகும் கொல்லும் கலங்கள் நெடுநாள் நினைவு வைத்திருப்பதில்லை.

துணிக்கையை ஆக்கும் பொருள்கள் பலவகை. அறுவைச் சிகிச்சைத் தையல் நூல்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு, உடலில் லக்ரிக் அமிலமாகவும் கிளைக்கோலிக் அமிலமாகவும் கரைந்துபோகும் பீ.எல்.ஜீ.ஏ என்ற பல்பகுதியம் ஒன்று. கொழுப்புப் படலத்தாலான லிப்போசோம் இன்னொன்று. அதில் அடைத்த டொக்சோரூபிசின் 1995இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பொன், சிலிக்கா, தாமாகவே அடுக்கிக்கொள்ளும் பெப்தைட்டுகள் என்று பட்டியல் நீளும். வைரசுப் புரதங்கள் தாமே ஒன்றுகூடி ஆக்கும் வெற்றுக் கூடுகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. 2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் ஆறாம் வகுப்பு மாணவியருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்க இடப்படும் எச்.பீ.வி தடுப்பூசி, ஏறத்தாழ 55 நானோமீற்றர் விட்டமுள்ள அத்தகைய வெற்றுக் கூடுகளால் ஆனது. நானோ என்ற சொல்லைக் கேட்டதும் அச்சம் கொள்ளும் பெற்றோரிடம் இதை நான் எடுத்துச் சொல்வதுண்டு. அந்த ஊசி தடுப்பது வெளியிலிருந்து வரும் வைரசை, மார்பகப் புற்றுநோய் ஊசி தாக்கவேண்டியது நம் உடலுக்கே உரிய ஒரு புரதத்தை என்ற வேறுபாட்டையும் கூடவே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இரண்டாவது வேலை பன்மடங்கு கடினமானது.

இனி, இதுவரை கிடைத்த சான்றுகள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ பத்து நானோமீற்றர் அளவுள்ள கொழுப்புப்புரத வில்லைகளில் கட்டியின் பெப்தைட்டையும் துணையூக்கியையும் ஏற்றிய ஆய்வு 2017இல் வெளியானது. கரைசலாக ஏற்றிய அதே பொருள்களோடு ஒப்பிடும்போது, இலக்கை அறியும் கொல்லும் ரீ கலங்களின் வீதம் எலிகளில் 47 மடங்கு வரை உயர்ந்தது. அது குடல் கட்டிகளிலும் தோல் கட்டிகளிலும் செய்யப்பட்டது. மார்பகப் புற்றுநோயிலேயே தொடர்ந்து உழைப்பவர்களில் ஈரானின் மஷ்ஹத் மருத்துவப் பல்கலைக்கழகத்தார் குறிப்பிடத்தக்கவர்கள். ஹேர்-2இன் துண்டுகளை லிப்போசோம்களின் மேற்பரப்பில் கட்டி, ஹேர்-2 மிகுந்த கட்டியுடைய எலிகளில் கட்டி வளர்ச்சி தாமதமாவதையும் எலிகள் கூடுதல் காலம் வாழ்வதையும் பல கட்டுரைகளில் அவர்கள் காட்டியிருக்கிறார்கள். செல்வம் குறைந்த சூழலில், தடைகளுக்கு மத்தியில் நடக்கும் அந்த வேலையை நான் மிகுந்த மதிப்புடன் படிக்கிறேன்.

எலிகளைத் தாண்டி மனிதரிடம் வந்தால் சான்றுகள் சுருங்கிவிடுகின்றன. லிப்போசோமில் ஏற்றிய மியூசின்-1 பெப்தைட்டுத் தடுப்பூசியான டெசெமோடைட், நுரையீரல் புற்றுநோய்க்கான பெரிய சோதனையில் தோல்வி கண்டது. அதே தடுப்பூசியை ஒஸ்திரியாவில், ஹேர்-2 மிகையற்ற தொடக்கநிலை மார்பகப் புற்றுநோயுள்ள 400 பேரைச் சேர்த்து, அறுவைச் சிகிச்சைக்கு முன் வழமையான சிகிச்சையுடன் சேர்த்துச் சோதித்தார்கள். அறுவையின்போது எஞ்சியிருந்த கட்டியின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அத்தோடு அந்தக் கதை முடிந்ததென்றே பலரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் 2023இல் வெளியிட்ட நீண்டகால முடிவுகளில், ஏழு ஆண்டுகளின் பின் உயிரோடு இருந்தவர்கள் தடுப்பூசி பெற்ற அணியில் ஏறத்தாழ 83 சதவீதமும் மற்ற அணியில் ஏறத்தாழ 68 சதவீதமுமாக இருந்தார்கள். முதன்மை இலக்கில் தோற்ற ஒரு சோதனையின் பிற்காலக் கணக்கை உறுதியான நிரூபணமாகக் கொள்ளமுடியாது. எனினும் தடுப்பூசியின் பயனைச் சில மாதங்களில் கட்டியின் அளவைக் கொண்டு அளப்பது பொருந்தாத அளவுகோலாக இருக்கலாம் என்ற ஐயத்தை அது வலுவாக எழுப்புகிறது. நிர்ப்பீடன நினைவு பலன் தரும் காலம் ஆண்டுக் கணக்கிலானது.

நிணநீர்க்கணுவைக் குறிவைத்து அனுப்புவது மனிதரிலும் பலிக்கும் என்பதற்கு இன்னொரு சான்று, துணிக்கையில் ஏறிச் செல்லாமல் உடலின் சொந்த அல்புமின் புரதத்தில் ஒட்டிக்கொண்டு கணுவுக்குப் போகும்படி பெப்தைட்டுக்குக் கொழுப்பு வால் இணைத்த தடுப்பூசி. சதையி, பெருங்குடல் புற்றுநோயுள்ள 25 பேரில் நடந்த முதற்கட்டச் சோதனையில் 84 சதவீதமானோருக்கு ரீ கலப் பதில் உருவானதாக 2024இல் அறிவித்தார்கள். முறை வேறு, நோயும் வேறு. ஆயினும் அடிப்படை எண்ணம் ஒன்றே. பெப்தைட்டைக் கணுவுக்குக் கொண்டுசேர்த்தால் மனித உடல் பதில் தருகிறது.

தடைகளையும் சொல்லியாகவேண்டும். எலியில் சோதிக்கும் கட்டி சில வாரங்களில் வளர்ந்தது, ஒரு பெண்ணின் கட்டியோ பல ஆண்டுகளாக அவருடைய நிர்ப்பீடனத் தொகுதியோடு பழகி, அதனை ஏமாற்றக் கற்றுக்கொண்டது. நல்ல ரீ கலங்கள் உருவானாலும் கட்டியின் சூழல் அவற்றைச் செயலிழக்கச் செய்யலாம். இதனால்தான் பெரிய கட்டி உள்ளபோது அல்லாமல், சிகிச்சை முடிந்து கண்ணுக்குத் தெரியாத கலங்கள் மட்டுமே எஞ்சியிருக்கும் காலத்தில் தடுப்பூசி இடவேண்டும் என்று பலரும் வாதிடுகிறார்கள். அவர்கள் பக்கமே நானும் நிற்கிறேன். தயாரிப்பிலும் சிக்கல் உண்டு. நீரில் கரையும் பெப்தைட்டும் கரையாப் பெப்தைட்டும் ஒரே துணிக்கையில் ஒரே அளவு ஏறுவதில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் துணிக்கையின் விட்டம் மாறாமல் காப்பது ஆய்வுகூடத்தில் எளிது, தொழிற்சாலையில் கடினம். குருதிக்குள் கசியும் துணிக்கைகளைக் கல்லீரலும் மண்ணீரலும் பற்றிக்கொள்வதால் அவற்றின் பாதுகாப்பைத் தனியே ஆராயவேண்டும்.

இவையனைத்தும் தீர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். விரும்பிய அளவில், விரும்பிய துணையூக்கியுடன், குறையில்லாத ஒரு துணிக்கை கையில் இருக்கிறது, அதில் ஈ-75ஐ ஏற்றுகிறோம். அது பெரியம்மாவின் நிணநீர்க்கணுவை அடைந்து, டென்ட்ரிற்றிக் கலத்துக்குள் நுழைந்து, சரியான பாதையிலும் திரும்புகிறது. அங்கே அவருடைய முதலாம் வகை எச்.எல்.ஏ மூலக்கூறின் பள்ளத்தில் அது பொருந்தாவிட்டால் எதுவும் நிகழாது.

எச்.எல்.ஏ மூலக்கூறு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. தாயிடமிருந்து ஒரு தொகுதியையும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியையும் பெறுகிறோம், ஒவ்வொரு வகையின் பள்ளமும் வெவ்வேறு பெப்தைட்டுகளையே பற்றும். ஈ-75 தெரிவுசெய்யப்பட்டது எச்.எல்.ஏ-ஏ2 என்ற வகையைக் கருத்தில் வைத்து. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அந்த வகை இருப்பதால், அங்கே ஆய்வைத் தொடங்கியவர்களுக்கு அது இயல்பான தெரிவாக இருந்தது. ஏ2 ஒரு குடும்பம். அதன் உள்ளே சிறு வேறுபாடுள்ள பல உறுப்பினர்கள் உண்டு. ஐரோப்பாவில் ஓங்கி நிற்பது 02:01 என்ற உறுப்பினர். தென்னாசியாவில் 02:11 போன்ற உறவினர்கள் கணிசமாகக் காணப்படுகிறார்கள். ஏ11, ஏ24, ஏ33 ஆகிய வேறு குடும்பங்களும் நம்மிடையே பரவலாக உள்ளன. 02:01க்குக் கச்சிதமாகப் பொருந்தும் பெப்தைட்டு 02:11க்கு எவ்வளவு பொருந்தும் என்பது தனியே அளந்து பார்க்கவேண்டிய கேள்வி, ஏ33க்குப் பொருந்துமென எதிர்பார்க்கக் காரணமே இல்லை. உலகின் மிகச் சிறந்த நானோத் துணிக்கையும் இந்த இடைவெளியை நிரப்பாது. சுமந்து செல்வதே துணிக்கையின் பணி, ஏற்றிய பெப்தைட்டின் வடிவத்தை அது மாற்றுவதில்லை.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஈ-75ஐ டிராஸ்டுசுமாப்புடன் சேர்த்துச் சோதித்த இன்னோர் ஆய்வில் ஏ2க்கு அப்பால் ஏ3, ஏ24, ஏ26 வகையினரையும் சேர்த்தார்கள். 275 பேர் பங்குகொண்ட அந்த ஆய்வில் ஒட்டுமொத்தமாக வேறுபாடு இல்லை, ஆனால் மும்மறை வகைப் புற்றுநோயுள்ள (ஹேர்-2 மிகையும் இரு ஹோர்மோன் வாங்கிகளும் இல்லாத) துணைக்குழுவில் 24 மாதங்களின் பின் நோயின்றி இருந்தோர் 92.6 சதவீதம், ஒப்பீட்டு அணியில் 70.2 சதவீதம். இரண்டாவது வழி, ஒன்பது அலகுத் துண்டைக் கைவிட்டு 20 அல்லது 30 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட பெப்தைட்டை ஏற்றுவது. கலமே அதனை வெட்டித் தன் எச்.எல்.ஏக்கு ஏற்ற துண்டைத் தெரிந்துகொள்ளும். நேரடியாகப் பிற கலங்களில் ஒட்டிச் சகிப்பை உண்டாக்கும் ஆபத்தும் குறையும். ஆனால் நீண்ட பெப்தைட்டுகளை ஒரு டென்ட்ரிற்றிக் கலத்துக்குள் சேர்ப்பது இன்னும் கடினம், அங்கேதான் நானோத் துணிக்கை தன் முழுப் பயனையும் தரக்கூடும். துணிக்கையின் உண்மையான பெருமை பல நீண்ட பெப்தைட்டுகளை ஒன்றாகச் சுமந்து, எச்.எல்.ஏ வேறுபாட்டைக் கடந்து பலருக்கும் பயன்படும் ஊசியை ஆக்குவதில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பழைய ஒற்றைப் பெப்தைட்டைப் புதிய உறையில் இட்டுத் திரும்ப அனுப்புவதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை.

இத்துறைக்குக் கொழும்பு செய்யக்கூடியது எதுவுமில்லை என்று யாரும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். 2008இல் தொடங்கப்பட்ட இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவனம் ஹோமாகமவில் இயங்குகிறது. எனினும் தடுப்பூசித் துணிக்கையை இங்கேயே ஆக்கவேண்டும் என்று தொடங்குவதைவிடப் பயனுள்ள வேலை வேறொன்று இருக்கிறது. சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்காக எச்.எல்.ஏ வகையறியும் சோதனைகள் இந்நகரில் ஏற்கெனவே நடக்கின்றன. நாட்டின் மார்பகப் புற்றுநோயாளிகளில் கணிசமானோர் மகரகமவுக்கு வருகிறார்கள். அவர்களுடைய சம்மதத்துடன், கட்டியின் ஹேர்-2 நிலையையும் எச்.எல்.ஏ வகையையும் இணைத்து ஒரு பதிவேட்டை உருவாக்கினால், சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலையக மக்கள் எனப் பல சமூகத்தாருக்கும் எந்தப் பெப்தைட்டுகள் பொருந்தும் என்பதைக் கணினியிலேயே முதலில் கணித்துவிட முடியும். தெல்லிப்பழையிலும் காலி கராப்பிட்டியவிலும் இருக்கும் புற்றுநோய்ப் பிரிவுகளும் சேர்ந்தால் பதிவேடு இன்னும் முழுமையடையும். சோதனை நடத்த இடம் தேடும் வெளிநாட்டு ஆய்வாளர்களிடம் அதை வைத்துக்கொண்டு பேசலாம். பதிவேடு இல்லாமல் பேசினால், மற்றவர்களுக்காக ஆக்கிய ஊசியை நாம் கடைசியில் விலைகொடுத்து வாங்கி, அது பொருந்துமா என்று தெரியாமலே ஏற்றிக்கொள்ள நேரிடும்.

பெரியம்மாவிடம் நான் இவ்வளவையும் சொல்லவில்லை. அவருக்கு இன்று வேண்டியது, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றும் டிராஸ்டுசுமாப்பைத் தவறவிடாமல் முடிப்பதும், இதயத்தை அது பாதிக்கிறதா என்று பார்க்கும் எக்கோ ஸ்கேனை உரிய நாளில் எடுப்பதும். தடுப்பூசி வரப்போகிறது என்று நம்பி அடுத்த கிளினிக்குக்கு வராமல் நின்றுவிட்ட ஒரு பெண்ணைப் பற்றி அதே வாங்கில் பேசிக்கொண்டார்கள். ஆதலால் இதைத் தெளிவாக எழுதுகிறேன்: மார்பகப் புற்றுநோய்க்கென நானோத் துணிக்கையில் ஏற்றிய எந்தப் பெப்தைட்டுத் தடுப்பூசியும் இதுவரை வழமையான சிகிச்சையாக அனுமதி பெறவில்லை. அனுமதி பெற்றாலும், அறுவை, கீமோ, கதிர்வீச்சு, பிறபொருளெதிரி ஆகியவற்றின் பின்னரே, அவற்றோடு சேர்ந்தே அது வரும். "எங்கட ஆக்களின்ர இரத்தத்தையும் சேர்த்துச் சோதிச்சால்தான் பெரியம்மா, சரிவருமோ எண்டு சொல்லலாம்" என்றேன். "அப்ப என்ர இரத்தத்தையும் எடுக்கட்டும்" என்றார் அவர், மறுகணமே.

இப்போது நான் கவனித்துவருவது ஜீ.பீ.2 என்ற மற்றோர் ஒன்பது அலகு ஹேர்-2 பெப்தைட்டின் மூன்றாம் கட்டச் சோதனையை. அதில் துணிக்கை எதுவும் இல்லை, பழைய முறைப்படி ஜீ.எம்.-சீ.எஸ்.எஃப் உடன் கலந்தே ஏற்றுகிறார்கள். முந்திய கட்டத்தில் 180 பெண்களையும் ஒன்றாகக் கணக்கிட்டபோது பயன் தெரியவில்லை. ஹேர்-2 மிக அதிகமாக இருந்து, டிராஸ்டுசுமாப்பும் பெற்று, தடுப்பூசித் தொடரை முழுமையாக முடித்தவர்களில் மட்டும் ஐந்து ஆண்டுகளில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. ஒப்பீட்டு அணியில் நோயின்றி இருந்தோர் 89.4 சதவீதம். சிறு எண்ணிக்கையைக் கொண்ட துணைக்குழு என்பதால் அதன்மேல் பெரிய நம்பிக்கை வைக்க இயலாது. ஆனால் இப்புதிய சோதனையில் ஏ2 வகையினரைச் சீட்டுக்குலுக்கல் முறையில் இரு அணிகளாகப் பிரித்ததோடு, ஏ2 அல்லாத வகையினருக்கென ஒரு தனி அணியையும் திறந்திருக்கிறார்கள். முடிவுகள் வெளிவரும்போது தலைப்புச் செய்தி முதல் இரு அணிகளைப் பற்றியதாகவே இருக்கும். நான் முதலில் தேடிப் படிக்கப்போவது அந்தத் தனி அணியின் அட்டவணையை, அதிலும் ஏ11, ஏ24, ஏ33 வகையினரின் ரீ கலங்கள் பெப்தைட்டுக்கு எவ்வாறு பதிலளித்தன என்ற வரிகளை.